நல்ல பேரரசு, கெட்ட பேரரசு எண்ட கதை

அஸ்டெக்கையும் இன்காவையும் ஒப்பிடுற எந்தக் குறிப்பை எடுத்தாலும் ஒரே அட்டவணைதான் வரும். இடப்பக்கம் அஸ்டெக்: போர், திறை, நரபலி, இதயத்தைப் பிடுங்குற பூசாரி. வலப்பக்கம் இன்கா: கல் வீதி, தானியக் களஞ்சியம், பசியில்லாத மக்கள், மச்சு பிச்சு. முடிவில ஒரு வரி: முதலாவது இரத்தத்தால் ஆண்டது, இரண்டாவது ஒழுங்கால் ஆண்டது. வாசிச்சு முடிக்கேக்க எங்களுக்கு ஒரு கெட்ட பேரரசும் ஒரு நல்ல பேரரசும் கிடைச்சிடும். மனசுக்கும் திருப்தியா இருக்கும்.

எனக்கு இந்த அட்டவணையோடதான் சண்டை. அதில இருக்கிற தகவல் எல்லாம் பொய் எண்டு நான் சொல்ல வரேல்லை, கனக்க உண்மைதான். ஆனா அது எங்க நிண்டு பார்க்குது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. அரண்மனை மாடியில நிண்டு பார்த்தால் வீதியும் களஞ்சியமும் கோயிலும் வடிவாத் தெரியும். அந்த வீதிக்குக் கல் சுமந்தவரும் அந்தக் களஞ்சியத்தை நிரப்பின குடும்பமும் தெரியாது. அதே நாலு தலைப்பையும், அரசு, பொருளாதாரம், சமயம், சமூகம் எண்டு, கீழ இருந்து ஒருக்காப் பார்ப்பம்.

அதுக்கு முதல் ரெண்டு பெயரைத் திருத்த வேணும். நாங்கள் அஸ்டெக் எண்டு சொல்லுற ஆட்கள் தங்களை மெஷிகா எண்டுதான் அழைத்தார்கள். அஸ்டெக் எண்ட பெயர் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். இன்கா எண்டது குஸ்கோவில் இருந்த ஆளும் குழுவின் பெயர், அரசனின் பட்டமும் அதுவே. அவர்களின் அரசுக்குப் பெயர் தவான்தின்சூயு, நாலு பகுதியும் சேர்ந்தது எண்டு அர்த்தம். ஆக, மெஷிகாக்களுக்குத் திறை கட்டினவர்களில் பெரும்பாலானோர் மெஷிகாக்கள் இல்லை. தவான்தின்சூயுவில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் இன்காக்கள் இல்லை. இந்த ஒண்டை மறந்தால் மிச்ச ஒப்பீடு முழுக்கப் பிழைச்சுப் போகும்.

அரசு

1428இல் தெனோச்தித்லான், தெஸ்கோகோ, த்லகோபான் எண்ட மூன்று நகரங்கள் சேர்ந்து, மெக்சிகோப் பள்ளத்தாக்கில் அதுவரை மேலோங்கியிருந்த அஸ்கபொத்சால்கோவை வீழ்த்தின. அந்தக் கூட்டணிதான் பிறகு அஸ்டெக் பேரரசு ஆனது. அவர்களின் ஆட்சி முறை எளிமையானது. தோற்ற நகரத்தின் அரசன் அப்படியே இருக்கலாம், அவனுடைய தெய்வமும் மொழியும் இருக்கலாம். காலத்துக்குக் காலம் திறை வந்து சேர வேணும், அவ்வளவுதான். கட்டாட்டில் படை வரும்.

இன்காக்களின் கதை கொஞ்சம் வேற. மரபுக் கணக்கில் 1438இல் பச்சகூத்தி ஆட்சிக்கு வந்தார். அடுத்த நூறு வருசத்துக்குள் அந்த அரசு இன்றைய கொலம்பியாவின் தென்முனையிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரவியது. ஊர்த் தலைவர்களான குராக்காக்களை வைத்துக்கொண்டே அவர்களுக்கு மேல் இன்கா ஆளுநர்களைப் போட்டார்கள். குடும்பங்களைப் பத்து, நூறு, ஆயிரம் எண்டு எண்ணி, கீப்பு எண்ட முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைத்தார்கள். குராக்காக்களின் மகன்மார் குஸ்கோவுக்குப் படிக்கப் போனார்கள். அந்தப் படிப்புக்கு இன்னொரு பெயர் பணயம்.

அட்டவணை இதை "தளர்வான ஆட்சி", "உறுதியான நிர்வாகம்" எண்டு எழுதும். உறுதியான நிர்வாகம் எண்டால் என்ன எண்டு அந்த ஊரில இருந்தவரிட்டக் கேட்டுப் பாருங்கோ. மித்மக்குனா எண்டு ஒரு முறை இருந்தது. கலகம் செய்யக்கூடிய சனத்தை ஊரோடு எழுப்பி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிக் கொண்டுபோய் விடுவது, அவர்களின் இடத்தில் விசுவாசமான ஆட்களைக் குடியேற்றுவது. இன்றைய பொலிவியாவின் கொச்சபம்பா பள்ளத்தாக்கில் இருந்த ஆட்களை வைனா கபாக் எழுப்பிவிட்டு, படைக்குச் சோளம் விளைவிக்க 14,000 வேலையாட்களைக் கொண்டுவந்தார். நிலத்தை வரி வரியாகப் பிரித்து, எந்த வரியில் எந்த இனத்தவர் வேலை செய்ய வேணும் எண்டும் வகுத்தார்.

இதை வாசிச்சிட்டு "என்ன ஒரு திட்டமிடல்!" எண்டு வியக்கிற எழுத்துகள் கனக்க இருக்கு. ஒரு சனத்தை ஊரைவிட்டு எழுப்புறதை நிர்வாகத் திறமை எண்டு படிக்கிறதுக்கு எங்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வர வேணும். மெஷிகாக்களும் இதைச் செய்யாமல் விடேல்லை. அஹுயித்சோத்ல் காலத்தில் கலகம் செய்த ஒஸ்தோமா போன்ற ஊர்களை அழித்து, அங்கே வேற ஆட்களைக் குடியேற்றினார்கள். அவர்கள் இதைக் குறைவாகச் செய்தது இரக்கத்தால் இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது திறைதான்.

பொருளாதாரம்

த்லதெலொல்கோ சந்தையை நேரில் பார்த்த கோர்த்தெஸ், தினமும் 60,000 பேர் அங்கே வாங்கி விற்கினம் எண்டு தன் அரசனுக்கு எழுதினார். கொக்கோ விதையும் பருத்தித் துணியும் காசுபோலப் புழங்கின. பெண்களும் கடை விரித்தார்கள். ஏரிக்குள் மண்ணும் சேறும் கொட்டி எழுப்பின சினம்பா தோட்டங்கள் நகரத்துக்குச் சோறு போட்டன. இந்தப் பக்கம் அழகுதான். மற்றப் பக்கம் பார்க்க வேணுமெண்டால், 1540களில் வரையப்பட்ட மெந்தோசா ஏட்டைப் புரட்ட வேணும். ஏறத்தாழ 38 மாகாணங்கள் கட்டின திறை பக்கம் பக்கமாகப் படத்தில் இருக்கு: துணிக் கட்டு, போர் உடுப்பு, இறகு, கொக்கோ, சோளம், மிளகாய், தேன். அந்தத் துணிகளை நெய்தது பெண்கள். வரி ஒரு வீட்டுக்குள்ள வந்து ஒரு பெண்ணின் தறியில இருந்துகொள்ளும். அதை எந்த அட்டவணையும் தொழிலாளர் பிரச்சினை எண்டு எழுதுறேல்லை.

இன்காக்களிடம் காசு இல்லை, மலைநாட்டில் த்லதெலொல்கோ மாதிரிச் சந்தையும் இல்லை. அவர்கள் எடுத்த வரி உழைப்பு. அய்யு எண்ட உறவுக் கூட்டம் தன் நிலத்தை உழும், அதோட அரசின் நிலத்தையும் கோயில் நிலத்தையும் உழும். முறை வைத்து வீதி வேலைக்கும் படைக்கும் சுரங்கத்துக்கும் ஆள் அனுப்பும். இதுதான் மித்தா. பதிலுக்கு அரசு விருந்து வைக்கும், சோளக் கள்ளு ஊத்தும், துணி கொடுக்கும். 30,000 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட வீதி வலையும் அந்த வீதியோரக் களஞ்சியங்களும் இப்படி வந்தவைதான். கொச்சபம்பாவுக்குக் கிட்ட கொத்தபாச்சியில் மட்டும் 2,400 களஞ்சியங்களின் அடித்தளங்கள் இருக்கு.

அந்தக் களஞ்சியம் யாருக்கு? "ஏழைக்கு" எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கினம். 1928இல் லூயி போதான் எண்ட பிரெஞ்சுக்காரர் இன்கா அரசைச் "சோசலிசப் பேரரசு" எண்டே தலைப்புப் போட்டுப் புத்தகம் எழுதினார். பிறகு வந்த ஜோன் முர்ரா பழைய ஆவணங்களை நிதானமாக வாசித்து, அந்தக் களஞ்சியங்கள் முக்கியமாகப் படைக்கும் அரசு வேலையாட்களுக்கும் விருந்துகளுக்கும்தான் எண்டு காட்டினார். பசி வந்த வீட்டைத் தாங்கினது பெரும்பாலும் அந்த வீட்டின்ர சொந்தக்காரர்தான்.

நியாயமாகவும் இருக்க வேணும். 1450களில் மெக்சிகோப் பள்ளத்தாக்கில் பெரும் பஞ்சம் வந்தபோது, தெனோச்தித்லான் அரசனின் களஞ்சியம் காலியாகி, கரையோர தொத்தொனாக்கரிடம் சோளத்துக்குப் பிள்ளைகளை விற்கும் நிலை வந்தது. கொத்தபாச்சி மாதிரிக் களஞ்சியம் அப்ப அங்க இருந்திருந்தால் எத்தனையோ பிள்ளையள் தப்பியிருக்கலாம் எண்டு ஒருத்தர் சொன்னால் நான் மறுக்க மாட்டன். ஆனா அந்தச் சேமிப்புக்குப் பின்னால தன் வீட்டை விட்டுப் போன 14,000 பேரையும் அதே வரியில எழுதுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

சமயம்

அட்டவணையின் பெரிய மோசடி இந்த இடத்திலதான் நடக்குது.

மெஷிகாக்கள் மனிதரைப் பலி கொடுத்தார்கள். இதை மழுப்ப ஏலாது. 1487இல் பெருங்கோயில் திறப்பில் 80,400 பேர் பலியானதாகச் சொல்லும் கணக்கு நம்ப முடியாதது, நாலு நாளில் அது நடக்கக்கூடிய காரியமே இல்லை. ஆனா 2015 தொடக்கம் மெக்சிகோ நகரத்தின் நடுவில் தோண்டி எடுத்த மண்டையோட்டு மேடை பொய் சொல்லேல்லை. நூற்றுக்கணக்கான மண்டையோடுகள் வந்தன, பெண்களினதும் சிறுவர்களினதும் அதில் இருந்தன. பலி எண்டது ஸ்பானியர் கட்டின கதை எண்டு சொல்லி வந்தவர்களுக்கு அதுக்குப் பிறகு பேச்சில்லை.

இன்காப் பக்கத்தில் என்ன எழுதுவினம்? "சூரிய வழிபாடு. அரிதாகக் குழந்தைப் பலி." 1999இல் ஆர்ஜென்டினாவின் யுயையாக்கோ மலையில், 6,700 மீற்றருக்கு மேல், பனியில் உறைந்தபடி மூன்று பிள்ளைகளை எடுத்தார்கள். மூத்தவளுக்கு ஏறத்தாழ 13 வயது. அவளின் தலைமயிரைச் சோதித்தபோது, கடைசி மாதங்களில் அவளுக்குக் கொக்கா இலையும் மதுவும் கூடக்கூடக் கொடுத்தது தெரிய வந்தது. கபக்கோச்சா எண்ட அந்தச் சடங்குக்கு மாகாணங்களில் இருந்து பிள்ளைகளைத் தெரிவு செய்து எடுப்பார்கள். பெற்றோர் அழக்கூடாது எண்டு வைத்திருந்ததாகப் பழைய குறிப்புகள் சொல்லுது.

எண்ணிக்கையில் மெஷிகாக்கள் எங்கேயோ கூட, அது சரி. ஆனா எண்ணுறதே ஒரு பக்கச் சார்போடதான் நடக்குது. இன்றைய எக்குவடோரில் இபாராவுக்குக் கிட்ட ஒரு ஏரி இருக்கு. பெயர் யவார்கோச்சா, இரத்த ஏரி எண்டு அர்த்தம். நீண்ட காலம் எதிர்த்து நிண்ட கராங்கிகளை வென்ற பிறகு வைனா கபாக்கின் படை அவர்களின் ஆண்களை வெட்டி அந்த ஏரிக்குள் போட்டது. அந்தச் சாவுகள் அட்டவணையின் எந்த வரியில வருது? சமயத்தில வராது, ஏனெண்டால் பூசாரி நிக்கேல்லை. அரசு எண்ட வரியில "விரிவாக்கம்" எண்ட ஒரு சொல்லுக்குள்ள போயிடும். கோயில் படியில செத்தால் காட்டுமிராண்டித்தனம், ஏரிக்கரையில செத்தால் வரலாறு. இந்தக் கணக்கை நான் ஏற்க மாட்டன்.

இன்னொண்டு, அட்டவணையில் வராத ஒற்றுமை. வென்ற ஊர்களின் தெய்வங்களை இன்காக்கள் குஸ்கோவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். மரியாதை மாதிரித் தெரியும், கலகம் செய்தால் தெய்வத்துக்கு என்ன நடக்கும் எண்ட பயமுறுத்தலும் அதுக்குள் இருந்தது. தெனோச்தித்லானிலும் தோற்ற ஊர்களின் தெய்வச் சிலைகளுக்கெண்டு தனிக் கோயில் ஒண்டு இருந்தது. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளி, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, ஆனா ரெண்டு பேரும் தெய்வத்தையும் சிறைபிடிக்கலாம் எண்டு கண்டுபிடிச்சிருக்கினம்.

சமூகம்

மெஷிகாக்களிடம் பிரபுக்கள், குடியானவர், அடிமைகள் எண்ட படிநிலை இருந்தது. சாதாரண ஆளுக்குப் பருத்தி உடுப்புக்கூடத் தடை எண்டு பழைய பதிவுகள் சொல்லுது. அதே சமூகத்தில் குடியானவரின் பிள்ளைகளுக்கும் பள்ளி இருந்தது, அந்தக் காலத்தில் உலகத்தில் கனக்க இடங்களில் இல்லாத விசயம். ஆனா அந்தப் பள்ளியில் பெடியன்கள் முதல் படிச்சது சண்டை பிடிக்க. கைதி பிடிச்சவன் மேல போகலாம், அதுதான் அந்தச் சமூகத்தின் ஏணி.

இன்காக்களிடம் அக்யகுனா எண்டு ஒரு அமைப்பு. சின்ன வயதிலேயே பெண் பிள்ளைகளைத் தெரிவு செய்து, வீட்டிலிருந்து பிரித்து, மதிலுக்குள் வைத்துத் துணி நெய்யவும் கள்ளு வடிக்கவும் பழக்குவார்கள். பிறகு சிலரைக் கோயிலுக்கு, சிலரை அரசனுக்கு, சிலரை அரசன் விரும்பின தளபதிக்குக் கொடுப்பார்கள். அந்த விருந்துக் கள்ளும் பரிசுத் துணியும் எங்கிருந்து வந்தது எண்டு இப்ப விளங்கும். செத்த அரசனுக்கும் சொத்து இருந்தது. பாடம் செய்த உடலைச் சுற்றி அவனின் வம்சம் நிலத்தையும் வேலையாட்களையும் வைத்து அனுபவித்தது. செத்தவனுக்கும் உயிரோட இருக்கிறவர்கள் உழைச்சுப் போட்ட அரசைத்தான் பொதுவுடைமை எண்டு சொல்லுகினம்.

அட்டவணையை எழுதினது யார்?

கோர்த்தெஸுக்கு மெஷிகாக்கள் கொடூரமாயும் பணக்காரராயும் இருக்க வேண்டியிருந்தது. கியூபா ஆளுநரின் உத்தரவை மீறி நடத்தின படையெடுப்பை அவர் நியாயப்படுத்த வேணும். பெருவில் வைஸ்றோய் தொலேதோவுக்கு இன்காக்கள் கொடுங்கோலராக இருக்க வேண்டியிருந்தது. 1572இல் அப்படி ஒரு வரலாற்றைச் சர்மியந்தோவைக் கொண்டு எழுதுவித்தார், அதே வருசம் கடைசி இன்காவான தூபாக் அமாருவின் தலையை வெட்டுவித்தார். நல்ல இன்காவை எங்களுக்குத் தந்தவர் கர்சிலாசோ. தாய் இன்கா அரச குடும்பம், தகப்பன் ஸ்பானியப் படைத்தலைவன். 1609இல் வெளிவந்த அவரின் புத்தகம் தாயின் குடும்பத்துக்குச் செய்த கடமை. அதில் உள்ள பாசம் உண்மை, ஆனா அது ஆண்டவர்களின் பேரன் பார்த்த பார்வை. மெஷிகாக்களும் குறைஞ்சவர்கள் இல்லை. அரசன் இத்ஸ்கோவாத்ல் பழைய ஏடுகளை எரிப்பித்துவிட்டுப் புது வரலாறு எழுதுவித்ததை சகாகுனின் ஏடு பதிவு செய்திருக்கு.

ஆண்டவர்கள் எல்லாரும் எழுதியிருக்கினம். ஆளப்பட்டவர்கள் எழுதேல்லையா? எழுதியிருக்கினம். இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விசயத்தை ஞாபகம் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்லுவன்.

மெக்சிகோவில் த்லஸ்கலா எண்ட அரசு மெஷிகாக்களுக்கு அடங்காமல் நிண்டது. அவர்களுக்கு உப்பும் பருத்தியும் போகாமல் மெஷிகாக்கள் பாதையை அடைத்து வைத்திருந்தார்கள். கோர்த்தெஸோடு கரையிறங்கினது ஏறத்தாழ 500 படையினர்தான். 1521 ஓகஸ்ட் 13இல் தெனோச்தித்லான் விழுந்தபோது அதைச் சுற்றி நிண்டது பல பத்தாயிரம் த்லஸ்கலாக்காரரும் மற்ற ஊர்க்காரரும். பிறகு 1550களில் அவர்கள் ஒரு பெரிய துணியில் தாங்கள் செய்த உதவியை எல்லாம் படம் படமாக வரைந்தார்கள், ஸ்பானிய அரசிடம் உரிமை கேக்க.

பெருவில் வன்கா மக்கள். கஹமார்காவில் 1532 நவம்பர் 16இல் 168 ஸ்பானியர் அதவால்பாவைப் பிடிச்ச கதையை எல்லா வீடியோவும் சொல்லும். அதுக்குப் பிறகு அந்தப் படைக்குச் சோறு போட்டது யார் எண்டு சொல்லாது. வன்காக்கள் போட்டார்கள், கஞாரிகளும் சச்சபோயாக்களும் பக்கத்தில் நிண்டார்கள். 1561இல் வன்காத் தலைவர்கள் லீமா நீதிமன்றத்துக்குக் கீப்புக் கயிறுகளோடு போனார்கள். எத்தனை ஆட்கள், எத்தனை லாமா, எவ்வளவு சோளம், எத்தனை சோடிச் செருப்பு கொடுத்தோம் எண்டு முடிச்சு முடிச்சாக வாசித்தார்கள்.

ஒரு துணி, ஒரு கயிறு. கெட்ட பேரரசின் பக்கத்து ஊரும் நல்ல பேரரசின் உள்ளூரும் ஒரே முடிவைத்தான் எடுத்தன: இவங்களை விட எவனும் பரவாயில்லை. களஞ்சியம் இருந்தும், வீதி இருந்தும், விருந்து இருந்தும் வன்காக்கள் அந்த முடிவுக்கு வந்தார்கள். இன்கா ஆட்சியின்ர அருமையைப் பற்றி எனக்கு ஆரும் பாடம் எடுக்க வந்தால் அந்தக் கயிறைத்தான் காட்டுவன். த்லஸ்கலாவும் வன்காவும் புனிதர்கள் எண்டு நான் சொல்லேல்லை. த்லஸ்கலாவிலும் கைதிகளைப் பலி கொடுத்தார்கள். முடிவெடுத்தது தலைவர்கள்தான், சுமை தூக்கினது வழக்கம்போலச் சனம்.

"அப்ப ஸ்பானியர் வந்தது சரியெண்டு சொல்லுறியோ?" எண்டு கேப்பினம். இல்லை. சோலூலாவில் நடந்த படுகொலையும் தோஷ்கத்ல் திருவிழாவில் நடந்த படுகொலையும் யாராலும் நியாயப்படுத்த முடியாதவை. பெரியம்மையோடு சேர்ந்து அந்த ஆட்சி கோடிக்கணக்கான சனத்தை இல்லாமல் செய்தது. ஆனா ஒண்டைக் கவனியுங்கோ. 1573இல் தொலேதோ பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு வருசத்துக்கு ஏறத்தாழ 13,000 ஆண்களைப் பிடிச்சு அனுப்ப வகுத்த முறைக்கு வைத்த பெயர் மித்தா. விருந்தையும் கள்ளையும் வெட்டிப்போட்டு, ஆளை எண்ணிப் பிடிக்கிற இயந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முந்தின பேரரசை நல்லது எண்டு பூசி மெழுகினால், இந்தக் கைமாற்றம் எங்கட கண்ணுக்குப் படாமல் போயிடும்.

"இன்றைய ஒழுக்கத்தால அன்றைய ஆட்களை அளக்கிறாய்" எண்டும் சொல்லுவினம். நான் அளக்கேல்லை. அன்றைக்கே அளந்தவர்களின் துணியையும் கயிறையும்தான் வாசிக்கிறன்.

ஒப்பிடவே கூடாதோ? ஒப்பிடலாம், ஒப்பிட வேணும். திறையாக எடுக்கிறதுக்கும் உழைப்பாக எடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் படிக்க வேண்டிய விசயம். ஆனா அட்டவணையின் தலைப்புகளை மாத்துங்கோ. வருசத்தில எத்தனை நாள் ஒரு குடும்பம் அரசுக்கு உழைச்சது? பிள்ளையை எடுத்துக்கொண்டு போக யாருக்கு உரிமை இருந்தது? ஊரைவிட்டு எழுப்பினால் முறையிட இடம் இருந்ததா? பஞ்சத்தில கதவைத் திறந்தது யார்? இந்த வரிகளை நிரப்பிப் பாருங்கோ. நல்லது கெட்டது எண்ட ரெண்டு பெட்டியும் உடைஞ்சுபோகும்.

கடைசியா, எங்கட குசினியில இருக்கிற சாட்சி. போர்த்துக்கேயர் காலத்தில எங்களிட்ட வந்து, மிளகின்ர பெயரையே வாங்கிக்கொண்ட மிளகாய் மெக்சிகோவில பயிரானது. உருளைக்கிழங்கு அந்தீஸ் மலையில பயிரானது. ரெண்டையும் காட்டிலயிருந்து எடுத்து, கசப்பு நீக்கி, விதை தெரிஞ்சு வளர்த்தவர்கள் மெஷிகாக்களும் இல்லை, இன்காக்களும் இல்லை. அந்தப் பேரரசுகளுக்கு ஆயிரக்கணக்கான வருசம் முந்தி வாழ்ந்த பெயர் தெரியாத கமக்காரர். ரெண்டு பேரரசும் நூறு வருசம் கொஞ்சம் முன்னப்பின்ன நிண்டு, அந்த விளைச்சலில திறை எடுத்துப்போட்டுப் போய்விட்டன. உலகம் இண்டைக்கும் சாப்பிடுறது அந்தக் கமக்காரரின்ர கையால. ஒப்பீட்டு அட்டவணையில அவைக்கு ஒரு வரிகூட இல்லை.